கொதிக்கும் கோடையில் செவியா: ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் ஊர் சுற்ற ஒரு முழுமையான வழிகாட்டி

தெற்கு ஸ்பெயினில் குவாதல்கிவிர் ஆற்றங்கரையில் இருக்கிற செவியாவில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களின் சராசரிப் பகல் உச்சம் 36 டிகிரி. வெப்ப அலை வந்தால் 40-ஐத் தாண்டும். 1995 ஜூலை 23 அன்று அந்த ஊர் விமான நிலையத்தில் 46.6 டிகிரி பதிவானது. புயலுக்குப் பெயர் வைப்பதுபோல வெப்ப அலைக்கும் பெயர் வைக்கும் முறையை 2022-இல் தொடங்கிய ஊரும் இதுதான். அந்த ஜூலையில் வந்த முதல் அலைக்கு ‘சோயே’ என்று பெயர்.

ஆனாலும் பள்ளி விடுமுறை ஜூலையில்தான் தொடங்குகிறது என்பதால், லண்டனிலும் பாரிஸிலும் இருக்கிற தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு வேறு வழியில்லை. ஊரிலிருந்து அப்பா, அம்மாவை அழைத்து வந்து ஐரோப்பா காட்டுவதும் பெரும்பாலும் இந்த மாதங்களில்தான். ‘வேலூர் வெயிலையே பார்த்தாயிற்று, இது என்ன’ என்று கிளம்புகிறவர்கள் செவியாவில் இரண்டு இடத்தில் ஏமாறுகிறார்கள். ஒன்று கடிகாரம், இன்னொன்று வியர்வை. இந்த இரண்டையும் புரிந்துகொண்டால் மீதித் திட்டம் தானாக அமைந்துவிடும்.

கடிகாரத்தை நம்பாதீர்கள்

செவியா இருக்கும் தீர்க்கரேகைக்கு லிஸ்பன், லண்டன் நேரம்தான் பொருந்தும். ஆனால் ஸ்பெயின் 1940-இல் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி பெர்லின் நேரத்துக்கு மாறியது; இன்றுவரை திரும்பவில்லை. அதற்கு மேல் கோடைக்கால நேரம் இன்னொரு மணி. விளைவு: ஜூலையில் சூரியன் உச்சிக்கு வருவது பகல் 2:30-க்கு. காற்றின் வெப்பம் உச்சத்தைத் தொடுவது மாலை 5-க்கும் 7-க்கும் இடையில்.

சென்னையில் சூரியன் உச்சிக்கு வருவது ஏறக்குறைய 12:15-க்கு. எனவே செவியாவின் கடிகாரத்திலிருந்து இரண்டேகால் மணி நேரத்தைக் கழித்தால் நம் உடம்புக்குப் பழகிய வெயில் நேரம் கிடைத்துவிடும். அங்கே காலை 11 என்றால் நமக்கு 8:45. அங்கே மாலை 6 என்றால் நமக்குப் பிற்பகல் 3:45. ‘நான்கு மணிக்கு மேல் வெயில் தணிந்துவிடும், அப்போது கிளம்பலாம்’ என்று அறையை விட்டு இறங்குகிறவர் சரியாக நெருப்புக்குள் இறங்குகிறார்.

40 டிகிரி நாள் ஒன்றின் போக்கு ஏறக்குறைய இப்படி இருக்கும். காலை 8 மணிக்கு 23, 24. நண்பகல் 12-க்கு 32, 33. மாலை 6-க்கு 40. இரவு 10-க்கு இன்னும் 34. ஜூலை நடுவில் சூரிய உதயம் காலை 7:15, மறைவு இரவு 9:45. ஆகவே பயன்படுத்தக்கூடிய நேரம் இரண்டு துண்டு: காலை 7:30 முதல் பகல் 1 வரை, இரவு 9 முதல் நள்ளிரவு வரை. நடுவில் இருக்கிற எட்டு மணி நேரத்தைக் கூரைக்குக் கீழே கழிக்க வேண்டும். ஊர்க்காரர்கள் செய்வதும் அதைத்தான்.

வியர்வை தெரியாத வெயில்

கடற்கரை ஊர்களில் ஈரப்பதம் அதிகம். சட்டை நனைந்து முதுகில் ஒட்டும்போதே தண்ணீர் குடிக்கத் தோன்றிவிடும். செவியாவின் கோடைப் பிற்பகலில் ஈரப்பதம் 20 சதவீதத்தை ஒட்டி இறங்கிவிடுகிறது. வியர்வை சுரந்த வேகத்தில் ஆவியாகிவிடும், தோல் காய்ந்தே இருக்கும். ‘வியர்க்கவே இல்லையே, நன்றாகத்தானே இருக்கிறது’ என்று தோன்றும் நேரத்தில் உடம்பு லிட்டர் கணக்கில் நீரை இழந்திருக்கும். தாகம் தாமதமாகத்தான் வரும். எனவே தாகத்தைக் கேட்காமல் கடிகாரத்தைப் பார்த்துக் குடியுங்கள்: வெளியே நடக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை, 15, 20 நிமிடத்துக்கு ஒரு தடவையாகப் பிரித்து. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. அடர் மஞ்சளானால் பின்தங்கிவிட்டீர்கள்.

இதே வறட்சியில் ஒரு நன்மையும் உண்டு. ஈரத்துணி இங்கே அபாரமாக வேலை செய்யும். அந்தப் பகுதியில் ‘பொதிஹோ’ என்று ஒரு மண் கூஜா உண்டு. மெருகு பூசாத களிமண், நம் மண்பானையின் அதே தத்துவம். சுவரின் நுண்துளை வழியே கசிந்த நீர் ஆவியாகி உள்ளே இருப்பதைக் குளிர்விக்கும். காற்று எவ்வளவு உலர்ந்திருக்கிறதோ அவ்வளவு குளிரும். உங்கள் கழுத்தையும் இப்படிக் குளிர்வியுங்கள்: ஒரு பருத்தித் துண்டை நனைத்துப் பிழிந்து கழுத்தில் சுற்றுங்கள், காய்ந்ததும் மறுபடி நனையுங்கள். 40 டிகிரியில் வேகமாகக் காய்ந்துவிடும். கைவிசிறியும் அப்படித்தான். காற்று தோலின் வெப்பத்தைவிட, அதாவது சுமார் 35 டிகிரியைவிடச் சூடாக இருக்கும்போது வறண்ட தோல்மீது விசிறினால் சூட்டைத்தான் உள்ளே தள்ளுகிறீர்கள். முகத்தையும் கையையும் நனைத்துவிட்டு விசிறுங்கள்.

முதல் வேலை: தேதியும் நாட்களும்

ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை மோசமான காலம். ஜூன் முதல் பாதியும் செப்டம்பர் பின்பாதியும் பெரும்பாலும் தாங்கும். தேதியை மாற்ற முடியாவிட்டால் நாட்களைக் குறையுங்கள். செவியாவை மூன்று இரவுகளில் திருப்தியாகப் பார்க்கலாம். ஐந்தாறு இரவு என்பது வெயிலில் தண்டனை. மிச்ச நாட்களைக் கடலோரக் காதிஸுக்குக் கொடுங்கள். அதைப் பற்றிக் கடைசியில்.

செவியாவின் சுற்றுலா உச்சம் புனித வாரமும் ஏப்ரல் திருவிழாவும் வரும் வசந்த காலம். ஆகையால் ஜூலை, ஆகஸ்டில் நல்ல தங்கும் விடுதிகள்கூட விலை இறங்கும். இதற்கு ஈடாக ஒரு கஷ்டம் உண்டு: ஆகஸ்டில் ஊர்க்காரர்களே கடற்கரைக்குப் போய்விடுவார்கள். குடும்பங்கள் நடத்தும் சிறு உணவகங்களின் கதவில் ‘செர்ராதோ போர் வகாசியோனெஸ்’ என்று, விடுமுறைக்காக மூடியிருப்பதைச் சொல்லும் தாள் ஒட்டியிருக்கும். குறிப்பிட்ட ஓர் உணவகத்துக்காகவே போகிறீர்கள் என்றால் முன்பே விசாரித்துவிடுங்கள்.

அறையை இலவசமாக ரத்து செய்யும் வசதியோடு பதிவு செய்யுங்கள். புறப்பட ஒரு வாரம் இருக்கும்போது ஸ்பெயின் அரசு வானிலை அமைப்பான ஆஎமெத்தின் தளத்தைப் பாருங்கள். அது மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை கொடுக்கும். மஞ்சள் கோடையில் அடிக்கடி வரும், அதற்காகப் பயணத்தை மாற்ற வேண்டாம். ஆரஞ்சு என்றால் மதியத் திட்டம் எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். சிவப்பு என்றால், அதுவும் வயதானவர்களோ கைக்குழந்தையோ உடன் வந்தால், காதிஸ் நாட்களை முன்னால் போட்டு செவியாவைப் பின்னால் தள்ளுவதே புத்திசாலித்தனம்.

அறை எடுப்பது

மற்ற எல்லாவற்றையும்விட இதில்தான் பயணம் சிறப்பதும் கெடுவதும். பழைய செவியா வீடுகளில் ஒரு வழக்கம் இருந்தது: குளிர்காலத்தில் மேல்தளம், கோடையில் தரைத்தளம். குடும்பம் தட்டுமுட்டுச் சாமான்களோடு கீழே இறங்கிவிடும். நடுமுற்றத்தைச் சுற்றிய தரைத்தளம் தடித்த சுவரும் பளிங்குத் தரையுமாகக் குளிர்ந்திருக்கும். மேல்தளம் நாள் முழுவதும் கூரைச் சூட்டை வாங்கும். இன்றைக்கும் அதே கணக்குத்தான். விளம்பரத்தில் ‘ஆத்திகோ’ என்றிருந்தால் மொட்டை மாடியை ஒட்டிய வீடு என்று பொருள். படத்தில் கதீட்ரல் கோபுரம் அழகாகத் தெரியும். இரவு 11 மணிக்கும் கூரை அனலாக இருக்கும். கோடையில் வேண்டாம். முற்றத்தைப் பார்த்த, நடுத்தளத்து அறையைக் கேளுங்கள். வெளிச்சம் குறைவு என்று பிறர் குறை எழுதியிருந்தால் உங்களுக்கு அது நல்ல செய்தி.

வாடகை வீடாக இருந்தால் பதிவுக்கு முன் உரிமையாளரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். ஏசி படுக்கையறையிலேயே இருக்கிறதா, கூடத்தில் மட்டுமா? ஜன்னலுக்கு வெளியே இறங்கும் ஷட்டர், அதாவது ‘பெர்சியானா’ இருக்கிறதா? மின் இணைப்பின் அளவு எத்தனை கிலோவாட்?

மூன்றாவது கேள்வி விநோதமாகத் தெரியலாம். ஸ்பெயினில் ஒவ்வொரு வீடும் இவ்வளவு கிலோவாட் என்று ஒப்பந்தம் போட்டு அதற்குக் கட்டணம் கட்டுகிறது. சிறு வீடுகளில் 3.45 அல்லது 4.6 கிலோவாட் சகஜம். ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போது மின் அடுப்பில் சாதம் வைத்து, ஒருவர் தலைமுடி உலர்த்தும் கருவியையும் போட்டால் அளவு தாண்டி வீடு முழுக்க இருண்டுவிடும். ஊர் முழுவதும் மின்வெட்டு என்று நினைத்து உட்கார்ந்திருக்க வேண்டாம். அதிகம் இழுக்கும் கருவிகளை நிறுத்துங்கள். வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் மின்பெட்டியில் பிரதான சுவிட்சைக் கீழே இறக்கிச் சில நொடி விட்டு மேலே ஏற்றுங்கள். பெரும்பாலும் வந்துவிடும். நம் ஊர் மூன்று முள் பிளக் அங்கே நுழையாது. மெல்லிய இரண்டு முள் பிளக் நுழையும்.

அறைக்குள் போனதும் சூட்டை வெளியே நிறுத்தும் முறை இது. காலை 7 மணிக்கு ஜன்னல்களைத் திறந்து காற்றோட்டம் விடுங்கள். 9 மணிக்குள், வெளியே கிளம்புவதற்கு முன், கண்ணாடியைச் சாத்தி ஷட்டரை முழுவதும் இறக்குங்கள். உள்ளே திரை போடுவது பாதி வேலைதான். கண்ணாடி வழியே வெயில் ஏற்கெனவே உள்ளே வந்துவிடும், வெளியே இறங்கும் ஷட்டர்தான் அதைத் தடுக்கும். ‘காற்று வரட்டும்’ என்று பகலில் ஜன்னலைத் திறக்கும் நம் பழக்கம் இங்கே எதிர்வேலை. நள்ளிரவுக்குப் பிறகு வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிடக் குளிர்ந்ததும் மீண்டும் திறக்கலாம். ஏசியை 25, 26-இல் வைத்தால் போதும். 18-இல் வைத்தால் அறை வேகமாகக் குளிராது. வெளியே இறங்கும்போது உடம்பு திணறும், அவ்வளவுதான்.

இடம் எங்கே? சாந்தா குரூஸ் அல்லது அல்ஃபால்ஃபா பகுதியில், கதீட்ரலிலிருந்து நடந்து பத்து நிமிடத்துக்குள். காசு மிச்சம் என்று புறநகரில் எடுத்தால் பிற்பகலில் அறைக்குத் திரும்ப மனம் வராது. திரும்பாதவர்களுக்குத்தான் மாலையில் தலை சுற்றுகிறது.

ஊருக்குள் நுழையும் நேரம்

மத்ரித் அத்தோச்சா நிலையத்திலிருந்து செவியாவின் சாந்தா ஹுஸ்தா நிலையத்துக்கு ஏவே அதிவேக ரயில் சுமார் இரண்டரை மணி நேரம். இந்தியாவிலிருந்து மத்ரித் வந்து இறங்குகிறவர்களுக்கு இதுவே நல்ல வழி. பகல் 1 மணிக்கு முன்போ இரவு 9-க்குப் பின்போ செவியாவில் இறங்கும் ரயிலாகப் பாருங்கள். மாலை 5 மணிக்கு வந்து, பெட்டியை உருட்டிக்கொண்டு கல் பதித்த சந்துகளில் வீடு தேடுவது முதல் நாளையே கெடுக்கும். பல விடுதிகளில் அறை கிடைப்பது பிற்பகல் 3-க்குத்தான். முன்னே வந்துவிட்டால் பெட்டியை வரவேற்பில் விட்டுவிட்டு ஏதேனும் ஓர் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்துவிடுங்கள்.

பையில் என்ன

ஆளுக்கு ஒரு லிட்டர் பிடிக்கும் உலோக பாட்டில். அகல விளிம்புத் தொப்பி. முன் விளிம்பு மட்டும் உள்ளது காதையும் பிடரியையும் காக்காது. தளர்ந்த பருத்தி அல்லது லினன் முழுக்கைச் சட்டை. கையில்லாத பனியனைவிட இது குளுமை, தேவாலயத்தில் தோளை மூடவும் உதவும். எஸ்பிஎஃப் 50 சன்ஸ்கிரீன், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. மாநிறத்துக்கு வெயில் சுடாது என்பது தவறான நம்பிக்கை. கழுத்துத் துண்டு. சிறிய தண்ணீர்த் தெளிப்பான். ஓஆர்எஸ் பாக்கெட், ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்று. தீர்ந்துவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போட்டுக் கலக்கிக்கொள்ளலாம். உப்பு கூடிவிடக் கூடாது.

மருந்து எடுப்பவர்கள் கிளம்பும் முன் மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர் பிரியச் செய்யும் மாத்திரைகளும் சில ரத்த அழுத்த மாத்திரைகளும் வெப்பத்தில் உடம்பைச் சீக்கிரம் வறட்டும். அளவை அவர்தான் சொல்ல வேண்டும், நீங்களாக நிறுத்தாதீர்கள். பயன்பாட்டில் இருக்கும் இன்சுலின் 30 டிகிரிக்கு மேல் கெடும் என்பதால் குளிர்ப்பை தேவை.

காலை: திறந்தவெளியெல்லாம் இப்போதே

கடைகள் திறக்காத 7:30-க்கே கிளம்புங்கள். முதல் நாள் பிளாசா தே எஸ்பான்யா. 1929 ஐபீரிய அமெரிக்கக் கண்காட்சிக்காக அனீபல் கொன்சாலஸ் வடிவமைத்த அரைவட்டக் கட்டடம். நடுவில் பெரிய வெட்டவெளி, ஒரு மரம் கிடையாது. சுற்றிலும் ஸ்பெயினின் மாகாணங்களைச் சித்தரிக்கும் ஓடு பதித்த இருக்கைகள். காலை 8-க்கு அவற்றில் உட்கார்ந்து படம் எடுக்கலாம், மாலை 6-க்கு அதே ஓட்டில் தொடை வெந்துவிடும். பக்கத்திலேயே மரியா லூயிசா பூங்கா, நல்ல நிழல். பலத்த காற்றும் கடும் வெப்பமும் சேர்ந்த எச்சரிக்கை நாட்களில் மரக்கிளை முறிந்து விழும் ஆபத்தால் மாநகராட்சி பூங்காக்களை மூடிவிடுவதுண்டு, அதிர்ச்சி அடைய வேண்டாம். பிராதோ நிறுத்தத்திலிருந்து டிராமில் ஏறினால் இரண்டு மூன்று நிறுத்தத்தில் கதீட்ரல்.

இரண்டாம் நாள் அல்காசர் அரண்மனை. 9:30-க்குத் திறக்கும், அந்த முதல் நேரத்துக்கே இணையத்தில் டிக்கெட் எடுத்துவிடுங்கள். டிக்கெட்டில் பெயர் இருக்கும், பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். இங்கே பலரும் வரிசையைத் தவறாகப் போடுகிறார்கள்: 12 மணி வரை அறை அறையாகப் பார்த்துவிட்டுத் தோட்டத்தைக் கடைசியில் வைப்பார்கள். அப்படி வேண்டாம். உள்ளே நுழைந்ததும் கன்னியர் முற்றத்தை மட்டும் கூட்டம் சேருவதற்குள் அரை மணியில் பார்த்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விடுங்கள். 11:15 வரை தோட்டம். பிறகு நிலவறையில் இருக்கும் மரியா தே பதில்யாவின் குளியலறை. உண்மையில் அது மழைநீர்த் தொட்டி, வளைகூரைக்குக் கீழே நீண்டு கிடக்கும், அந்த வளாகத்திலேயே குளிர்ந்த இடம் அதுதான். அதன்பின் நிதானமாக மாளிகை அறைகள். வெளியே போனால் அதே டிக்கெட்டில் மறுபடி நுழைய விட மாட்டார்கள், எனவே பாட்டிலை நிரப்பிக்கொண்டே நுழையுங்கள். திங்கட்கிழமை மாலையில் இலவச அனுமதி உண்டு என்று கேள்விப்பட்டு ஆசைப்படாதீர்கள். கோடையில் அது மாலை 6 மணி, அந்த நாளின் உச்சச் சூட்டில் வரிசை.

ஊருக்கு வெளியே இருக்கும் இத்தாலிகா ரோமானியச் சிதைவுகளுக்குப் போக ஆசை இருந்தால் திறக்கும் நேரத்துக்கே அங்கே இருக்க வேண்டும். திறந்த வெளி, அரங்கத்தின் கல் சூட்டைத் திருப்பி அடிக்கும். 11 மணிக்கு மேல் அங்கே நிற்பதில் அர்த்தமில்லை.

நடக்கும்போது ஒரு சின்னக் கணக்கு: காலையில் தெருவின் கிழக்கு ஓர நடைபாதையில் நிழல், மாலையில் மேற்கு ஓரத்தில். பகல் 2-க்கும் 3-க்கும் இடையில் சூரியன் தலைக்கு மேல் நிற்பதால் எந்த ஓரத்திலும் பெரிதாக நிழல் கிடைக்காது. சியெர்பெஸ், தெத்துவான் போன்ற கடைத்தெருக்களில் கோடையில் மாடிக்கு மாடி இழுத்துக் கட்டிய ‘தோல்தோ’ துணிப்பந்தல் இருக்கும். சுற்றுவழி ஆனாலும் அந்த வழியே போங்கள். சாந்தா குரூஸின் சந்துகள் ஒடுங்கியிருப்பதும் வெயில் தரையைத் தொடாமல் இருக்கத்தான் உதவுகிறது. மருந்துக்கடையின் பச்சைச் சிலுவைப் பலகையில் 47 என்று ஒளிர்ந்தால் பயந்துவிடாதீர்கள். வெயிலில் காய்ந்த பலகையின் சூட்டையும் சேர்த்துக் காட்டுகிறது.

பிற்பகல்: கல்லுக்குள்

பகல் 1 மணிக்குக் கதீட்ரல். உலகின் மிகப்பெரிய கோதிக் தேவாலயம். அவ்வளவு கல்லும் சூடாவதற்குள் பகல் முடிந்துவிடும் என்பதால் உள்ளே இதமாகவே இருக்கும். கொலம்பஸின் கல்லறை இங்கேதான். கதீட்ரலின் மணிக்கோபுரமான கிரால்டாவில் படிக்கட்டுக்குப் பதிலாக 35 சரிவுப் பாதைகள். இது பள்ளிவாசல் கோபுரமாக இருந்த காலத்தில் தொழுகைக்கு அழைப்பவர் குதிரையிலேயே மேலே போவதற்காக அமைத்தது என்பார்கள். முழங்கால் வலி உள்ளவர்களும் மெல்ல ஏறலாம். ஞாயிறு காலையில் வழிபாடு, பார்வையாளர்களுக்குப் பிற்பகலில்தான் அனுமதி.

பிறகு சாப்பாடு, அறை, ஷட்டர், தூக்கம். குழந்தைகள் தூங்க மறுத்தாலும் வெயில் தணியும் வரை உள்ளேயே இருக்கட்டும். தூக்கம் வராத பெரியவர்களுக்குச் சில இடங்கள்: கதீட்ரலுக்குப் பக்கத்தில் ‘ஆர்கீவோ தே இந்தியாஸ்’, அதாவது ஸ்பெயினின் அமெரிக்கக் குடியேற்ற நாடுகளின் ஆவணக் காப்பகம், நுழைவு இலவசம், தடித்த சுவர். நுண்கலை அருங்காட்சியகம், செவியாவின் ஓவியர் முரில்யோவின் பெரிய ஓவியங்கள், திங்கள் விடுமுறை. ‘காளான்கள்’ என்று ஊர்க்காரர்கள் அழைக்கும் பெரிய மரப் பந்தலான மெத்ரோபோல் பராசோலின் அடித்தளத்தில் ரோமானியக் கால வீடுகளின் எச்சங்கள். மாலை 7 மணி ஃபிளமெங்கோ நடனக் காட்சியும் நல்ல யோசனை. ஏசி அரங்கில் ஒரு மணி நேரம், வெளியே வரும்போது உச்சச் சூடு இறங்கத் தொடங்கியிருக்கும்.

தண்ணீரும் சாப்பாடும்

குழாய்த் தண்ணீரைத் தயங்காமல் குடிக்கலாம். 2022-இல் வந்த கழிவுச் சட்டப்படி உணவகங்கள் வாடிக்கையாளருக்குக் குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும். ‘ஆகுவா தெல் கிரிஃபோ’ என்று கேளுங்கள். கேட்காவிட்டால் பாட்டில்தான் வரும், பில்லிலும் ஏறும்.

உணவு நேரம் நமக்குப் பொருந்தாது. மதியம் 2 முதல் 4, இரவு 9-க்கு மேல். நடுவில் பெரும்பாலான சமையலறைகள் மூடிவிடும். மாலை 6-க்குப் பசிக்கும் குழந்தைக்காக அறையில் ரொட்டி, தயிர், பழம் வைத்திருங்கள்.

வெயிலுக்கான உணவை அந்த ஊரே கண்டுபிடித்து வைத்திருக்கிறது. தக்காளி, வெள்ளரி, குடைமிளகாய், பூண்டு, ஆலிவ் எண்ணெய், வினிகர், உப்பு சேர்த்து அரைத்துக் குளிர வைத்த கஸ்பாச்சோ நீரும் உப்பும் ஒரே கோப்பையில் தரும். பல்பொருள் அங்காடியின் குளிர்பெட்டியில் லிட்டர் அட்டைப்பெட்டியிலேயே கிடைக்கும். சைவர்களுக்குப் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. அதைவிடக் கெட்டியான சல்மொரேஹோவின் மேல் முட்டையும் பன்றி இறைச்சித் துணுக்கும் தூவுவார்கள்; ‘சின் ஹமோன், சின் வேவோ’ என்று முன்பே சொல்ல வேண்டும். ‘கலவை சாலட்’ என்று கேட்டால் டூனா மீனோடு வரும், அதற்கு ‘சின் அதூன்’ என்று சொல்லுங்கள். பசலைக்கீரையும் கொண்டைக்கடலையும் சேர்ந்த எஸ்பினாகாஸ் கோன் கார்பான்சோஸ் செவியாவின் சொந்தச் சமையல், சீரகம் மணக்கும், நம் நாக்குக்கு உடனே பிடிக்கும். மதியத்தில் பீரோ ஒயினோ வேண்டாம். வெயிலில் நடந்துவிட்டுக் குடிப்பது நீரிழப்பைக் கூட்டும்.

இரவு

9 மணிக்குப் பிறகுதான் ஊர் விழிக்கும். காளான்களின் மேல்தள நடைபாதைக்குச் சூரியன் மறையும் நேரத்துக்கு டிக்கெட் எடுங்கள். பிறகு நிழலே இல்லாத திரியானா பாலத்தை இருட்டில் கடந்து பெத்திஸ் தெருவில் ஆற்றைப் பார்த்தபடி சாப்பிடலாம். அல்காசர் தோட்டத்தில் கோடை இரவுக் கச்சேரிகள் நடக்கும், டிக்கெட் சீக்கிரம் தீரும். ஜூலைக் கடைசியில் போனால் திரியானாவில் சாந்தா அன்னா விழா. ஆற்றின் மேல் நீட்டிய, வழுக்கப் பூசிய மரத்தில் நடந்து கொடியைப் பிடிக்கும் போட்டி, நம் வழுக்குமரத்தைப் படுக்க வைத்ததுபோல இருக்கும். ஆகஸ்ட் 15 அதிகாலையில் கதீட்ரலைச் சுற்றி ‘அரசர்களின் அன்னை’ எனப்படும் மரியன்னை சிலையின் ஊர்வலம். அன்று பொது விடுமுறை, கடைகள் மூடியிருக்கும், முந்தின நாளே வாங்கிவிடுங்கள்.

யாருக்காவது முடியாமல் போனால்

தலைவலி, குமட்டல், கால் தசைப்பிடிப்பு, தலைசுற்றல், குளிர்ந்து வெளிறிய தோல்: இது வெப்பச் சோர்வு. நிழலுக்கோ ஏசி உள்ள கடைக்கோ அழைத்துப் போய்ப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். உடையைத் தளர்த்தி உடம்பை நனைத்து விசிறுங்கள்; ஓஆர்எஸ்ஸைச் சிறு மிடறாகக் கொடுங்கள். அரை மணியில் தெளியாவிட்டால் உதவிக்கு அழையுங்கள்.

பேச்சு குழறுவது, நிலை புரியாமல் தடுமாறுவது, மயக்கம், வலிப்பு, உடம்பு கொதிப்பது: இது வெப்ப வாதம், உயிருக்கு ஆபத்து. அரை மணி காத்திருக்கக் கூடாது. உடனே அவசர உதவி எண் 112-ஐ அழைத்து ‘கோல்பே தே கலோர்’ என்று சொல்லுங்கள். வண்டி வரும்வரை தலைமுதல் கால்வரை தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். பனிக்கட்டி கிடைத்தால் கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் வையுங்கள். நினைவு தெளியாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். பாராசிட்டமால் பயன்படாது, இது காய்ச்சல் கிடையாது, உடம்பு தன் சூட்டை வெளியேற்ற முடியாத நிலை.

காதிஸுக்கு ஒரு நாள், அல்லது மூன்று

செவியாவிலிருந்து ரயிலில் ஒன்றரை மணிக்குச் சற்று அதிகம். அட்லாண்டிக் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஊர் என்பதால் ஆகஸ்டில் பகல் உச்சம் 28 டிகிரியை ஒட்டித்தான். கிளம்பும் முன் வெப்பநிலையோடு காற்றின் திசையையும் பாருங்கள். மேற்கிலிருந்து வரும் பொனியெந்தே கடலிலிருந்து வருவதால் குளுமை. கிழக்கிலிருந்து வரும் லெவாந்தே நிலத்தைக் கடந்து காய்ந்து, சூடாகி வந்து கடற்கரை மணலை முகத்தில் அடிக்கும்; அந்த நாளில் காதிஸும் கொதிக்கும், குடையை விரிக்கவே முடியாது. லெவாந்தே வீசும் நாள் என்றால் பயணத்தை மறுநாளுக்குத் தள்ளுங்கள், அல்லது பழைய ஊருக்குள் கட்டடங்கள் காற்றை மறைக்கும் லா கலேதா கடற்கரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் வார இறுதிகளில் செவியாவே இந்த ரயிலில் ஏறும் என்பதால் போக வர இரண்டு டிக்கெட்டையும் முன்பே எடுத்துவிடுங்கள். திரும்பும் ரயில் இரவு 9-க்கு மேல் செவியாவை அடைவதாக இருக்கட்டும்.